பழனி மலைத் தவளைக்கும் பாம்புக்கும் காலியாகக் கிடக்கும் கட்டங்களை நிரப்புவது எப்படி

எக்செல் தாளைத் திறந்து பறவைகள் இருக்கும் வரிகளைப் பாருங்கள். எடை இருக்கும், இறக்கை நீளம் இருக்கும், என்ன தின்னும் என்பதும் இருக்கும். அப்படியே கீழே இறங்கித் தவளைக்கும் மண்ணுக்குள் வாழும் பாம்புக்கும் வந்தால் வெள்ளை வெளேரென்று காலிக் கட்டங்கள். கொடைக்கானலில் நாங்கள் சிலர் சேர்ந்து பழனி மலையின் தவளை, ஊர்வன, பறவை, பாலூட்டி எல்லாவற்றுக்கும் ஒரு பண்புப் பட்டியல் போட உட்கார்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது இதுதான். பண்பு என்றால் பெரிதாக எதுவுமில்லை. உடல் எவ்வளவு நீளம், எவ்வளவு எடை, நடமாட்டம் பகலிலா இரவிலா, இருப்பது மரத்திலா தரையிலா மண்ணுக்குள்ளா, முட்டையா குட்டியா, ஒரு ஈத்துக்கு எத்தனை, அவ்வளவுதான்.

காலியாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விடமுடியாது. மலைச் சோலைக்காட்டுக்குள் சீகை (வாட்டில் என்னும் வெளிநாட்டு) மரம் புகுந்தால் எந்த விலங்கு முதலில் அடிபடும் என்று ஒரு கணக்குப் போடுகிறோம் என்று வையுங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பெரும்பாலான மென்பொருள்கள் அந்த இனத்தின் வரி முழுவதையும் சத்தமில்லாமல் தூக்கிவிட்டு மிச்சத்தை வைத்துக் கணக்குப் போடும். தூக்கப்படுவது யார் என்றால் சின்னது, இரவில் திரிவது, சருகுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் ஒளிந்து கிடப்பது, ஒரே ஒரு மலையில் மட்டும் இருப்பது. யாருக்காக அந்தக் கணக்கைப் போட்டோமோ அவையே கணக்கில் இல்லாமல் போய்விடுகின்றன. அதனால் நிரப்பத்தான் வேண்டும். ஆனால் நிரப்புவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தேடு, அடுத்து போய்ப் பார், அதற்கடுத்து ஒரு அளவிலிருந்து இன்னொன்றைக் கணக்கிடு, கடைசியாகத்தான் உறவினங்களை வைத்து மதிப்பிடு. கணினி தெரிந்தவர்கள் நேராகக் கடைசிப் படிக்குத் தாவுவதை நிறையப் பார்த்துவிட்டேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

முதலில் பெயரைச் சரிபாருங்கள்

எண்ணைத் தொடுவதற்கு முன் பெயர். அலுப்பான வேலைதான், ஆனாலும் பாதிக் குழப்பம் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் சோலைக்கிளியை எடுத்துக்கொள்ளுங்கள், வயிறு வெளுத்த, தரையோரம் நடமாடும் சின்ன நீலப் பறவை. இதை நீலகிரிப் பறவையோடு ஒரே இனமாகச் சேர்த்து வைத்திருந்த காலம் உண்டு. பிராக்கிடெரிக்ஸ் என்றும் மயோமெலா என்றும் பெயர் மாறி மாறிப் போய், 2017இல்தான் சோலிகோலா என்ற பேரினம் வந்தது. பழைய தரவுத்தளத்தில் ஒரு எடை இருந்தால் அது நீலகிரிப் பறவையுடையதா, நம்முடையதா, இரண்டையும் கூட்டிப்போட்ட சராசரியா என்று பார்க்காமல் எடுக்கக் கூடாது. புதர்த்தவளைகளும் அப்படித்தான். 2010க்கு முந்தைய கட்டுரைகளில் அவை ஃபிலாட்டஸ் என்ற பெயரில் இருக்கும், இன்று ராவோர்செஸ்டெஸ். புதுப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பழைய அளவுகள் எதுவும் கையில் வராது, கட்டம் காலி என்று முடிவு கட்டிவிடுவோம். அதனால் ஒவ்வொரு இனத்துக்கும் பழைய பெயர்களுக்கென்று தனிப் பத்தி (நெடுவரிசை) ஒன்று வையுங்கள்.

அப்புறம், உங்கள் தாளில் 'காலி' எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 2009இல் வந்த பாந்தீரியா என்ற பாலூட்டித் தரவில் தெரியாத மதிப்புக்கு -999 என்று போட்டிருப்பார்கள். அதைக் கவனிக்காமல் சின்ன விலங்குகளுக்குச் சராசரி எடுத்தால் எடை மைனஸில் வரலாம், அப்படி வந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும். ஆபத்து பூஜ்யத்தில்தான். எங்களுக்கு ஒரு இடத்திலிருந்து வந்த கோப்பில் காலிக் கட்டங்களில் எல்லாம் 0 போட்டிருந்தார்கள். ஈத்துக்கு எத்தனை குட்டி என்ற பத்தியில் 0 என்பது உண்மையான எண் போலவே உட்கார்ந்திருந்தது, அதைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு வாரக் கணக்கு வீணாகிவிட்டது.

பிறகு தேடல்

பெரிய தரவுத்தளங்களை முதலில் அலசுங்கள். பறவைக்கு அவோநெட் போதும், 2022இல் வந்தது, 11,009 இனங்களுக்கு 90,020 பறவைகளை அளந்து போட்டிருக்கிறார்கள். எந்தத் தீனி எவ்வளவு பங்கு என்பதற்கு 2014இல் வந்த எல்டன்ட்ரெய்ட்ஸ், அதில் பறவையும் பாலூட்டியும் உண்டு. தவளைக்கு 2017இல் வந்த ஆம்ஃபிபயோ. நான்கு வகைகளையும் ஒரே தாளில் கொண்டுவந்தது 2024இல் வெளியான டெட்ராபாட்ட்ரெய்ட்ஸ், 33,281 இனங்கள். கடைசியாகச் சொன்னதில் மதிப்பிட்டு நிரப்பிய எண்களும் உண்டு என்பதால் அளந்தது எது, நிரப்பியது எது என்று பிரித்து எடுங்கள். வேறொருவர் மதிப்பிட்ட எண்ணை அளந்த எண் என்று நினைத்து, அதன்மேல் நாம் இன்னொரு மதிப்பீட்டைக் கட்டினால் அடியில் என்ன இருக்கிறது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

தரவுத்தளத்தில் இல்லை என்றால் அந்த இனத்தை முதன்முதலில் விவரித்த கட்டுரைக்குப் போங்கள். பெரும்பாலும் அதில் அளவு இருக்கும், ஒரே ஒரு விலங்குடையதாக இருந்தாலும் சரி. பாம்புகளுக்கு மால்கம் ஸ்மித்தின் 1943ஆம் ஆண்டுத் தொகுதி இன்றும் உதவுகிறது. இன்னும் பின்னால் போனால் அளவுகள் அங்குலத்தில் இருக்கும், சில 19ஆம் நூற்றாண்டு நூல்களில் 'லைன்' என்று வரும், அது அங்குலத்தில் 12இல் ஒரு பங்கு, சுமார் 2.1 மில்லிமீட்டர். அதை மில்லிமீட்டர் என்று நினைத்து எழுதிவிட்டால் தவளை பாதியாகச் சுருங்கிவிடும். உண்மையிலேயே சுருங்குவதும் உண்டு, சாராயத்தில் வைத்த மாதிரிகள் காலப்போக்கில் சுருங்கும், ஆகவே அருங்காட்சியக மாதிரியில் எடுத்த அளவு என்றால் அதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். செண்பகனூரில் 1895இல் தொடங்கிய இயற்கை அருங்காட்சியகம் போன்ற இடங்களில் மாதிரியைவிட அதில் கட்டியிருக்கும் சீட்டில்தான் என் கண் முதலில் போகும். எந்த ஊர், எந்த மாதம் என்ற இரண்டு விவரம் இருந்தாலே நடமாடும் காலம் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவிடும்.

நூலில் இல்லாதது ஊரில் இருக்கும். ஒருமுறை மழை விட்ட காலையில் பூம்பாறைப் பக்கம் சாலையில் ஒரு கேடயவால் பாம்பு வண்டி ஏறிச் செத்துக் கிடந்தது. வாலை வெட்டிவிட்டு மண்ணை அப்பியது போல இருக்கும், அந்த மொட்டை வாலின் சொரசொரப்பில் ஈர மண் ஒரு மூடி மாதிரி ஒட்டியிருந்தது. நான் குனிந்து அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது பூண்டுக் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்றார். "என்ன தம்பி, இதப் போயி படம் எடுக்குறீங்க? மண்ணுக்குள்ள கெடக்குறது. காடு கொத்துறப்ப ஒரு சாண் ஆழத்துல மம்பட்டியில மாட்டும். மழ விட்டாத்தான் மேல வரும்" என்றார். "குட்டியோட பார்த்திருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டேன். "வயித்துக்குள்ள குட்டி இருந்துச்சு, வெட்டுப்பட்டப்ப பாத்தேன். முட்ட இல்ல, குட்டிதான்." அந்த இரண்டு நிமிடத்தில் எங்கள் தாளில் மூன்று கட்டங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. இருப்பிடம், மேலே வரும் நேரம், குட்டி போடுவது. கேடயவால் பாம்புகள் குட்டி போடுபவை என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான், அவர் சொன்னதும் அதோடு பொருந்தியது, அதனால் மற்ற இரண்டையும் நம்பி எழுத முடிந்தது. இந்த மலையின் பழங்குடிகளான பளியர்களிடமும் இப்படியே கேட்கலாம், காட்டில் இரவு தங்கிப் பழகியவர்களுக்கு எது எப்போது நடமாடும் என்பது அத்துப்படி. கேட்டது யாரிடம் என்று அவர்கள் சம்மதத்தோடு பதிவுசெய்யுங்கள், அது அவர்களுடைய அறிவு.

செத்த பாம்பாக இருந்தாலும் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உயிருள்ளதற்கு மட்டும் அல்ல. படம், அளவுகோல், இடம், தேதி, அது போதும்.

தொடாமல் அளப்பது

அனுமதி இல்லாமல் தவளையைக் கையில் பிடிக்கவும் கூடாது, பிடிக்க வேண்டிய அவசியமும் பல நேரம் இல்லை. புதர்த்தவளைக்கு நாங்கள் செய்வது இது. மழை மாதத்தில், இருட்டி ஒரு மணி நேரம் கழித்து வட்டக்கானல் பக்கம் சோலையோரம் நின்றால் இடுப்பு உயரப் புதரிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வரும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் காட்டித் தேடினால், கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒன்று இலைமேல் உட்கார்ந்து தொண்டையைக் குமிழாக ஊதிக்கொண்டிருக்கும். கேமராவை இலைக்கு நேர் மேலே, தவளையின் முதுகு முழுதாகத் தெரியும்படி பிடித்து நாலைந்து படம் எடுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். அது தானாகத் தாவிப் போனபின் அந்த இலையின் அகலத்தை, தவளை உட்கார்ந்திருந்த அதே இடத்தில், வெர்னியர் அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். இலையைப் பறிக்கவும் வேண்டாம். வீட்டுக்கு வந்து படத்தில் இலையின் அகலம் இத்தனை மில்லிமீட்டர் என்றால் மூக்கு நுனியிலிருந்து பின்துளை வரை எத்தனை என்று விகிதம் போட்டால் நீளம் வந்துவிடும். இலை வளைந்திருந்தாலோ படம் சாய்ந்திருந்தாலோ அந்தப் படத்தைத் தள்ளிவிடுங்கள், தவளை கூனி உட்கார்ந்திருந்தால் நீளம் குறைவாக வரும் என்பதால் ஒரே படத்தை நம்பாதீர்கள்.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. கத்துவது ஆண் தவளை. சத்தத்தை வைத்துத் தேடிப் போனால் நாம் அளப்பதெல்லாம் ஆண்களையே, தவளைகளில் பெரும்பாலும் பெண்தான் பெரிது. 'உடல் நீளம்' என்று வெறுமனே எழுதாமல் 'ஆண் நீளம்' என்று எழுதினால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

சோலைக்குள் போகும் முன் செருப்பு, பூட்ஸ் எல்லாவற்றையும் கழுவிக் காயவையுங்கள், ஒரு ஓடையிலிருந்து இன்னொரு ஓடைக்குத் தவளைகளைக் கொல்லும் பூஞ்சையை நம் கால் கொண்டுபோகலாம். இரவில் தனியாகப் போகாதீர்கள். கொடைக்கானலில் காட்டுமாடு ஊருக்குள்ளேயே நிற்கிறது, சோலையோரத்தில் கேட்கவே வேண்டாம். பேரிஜம் போன்ற இடங்களுக்கு வனத்துறை அனுமதி வேண்டும்.

நீளத்திலிருந்து எடை

தவளைக்கும் ஊர்வனவுக்கும் நீளம் கிடைக்கும், எடை கிடைக்காது, இது எப்போதும் நடப்பது. நீளமும் எடையும் தெரிந்த நெருங்கிய இனங்களை எடுத்து, இரண்டுக்கும் லாக் (மடக்கை) போட்டு ஒரு நேர்கோடு வரைந்தால், அந்தக் கோட்டிலிருந்து தெரியாத எடையைக் கணக்கிடலாம். தவளைக்குச் சாய்வு 3க்குப் பக்கத்தில் வரும், அதாவது நீளம் இரண்டு மடங்கானால் எடை சுமார் எட்டு மடங்கு. அதே காரணத்தால் தவறும் பெருகும். நீளத்தில் 10 சதவீதம் கூட்டி எழுதினால் எடை 33 சதவீதம் கூடிவிடும். இலையை ஏன் அவ்வளவு பொறுமையாக அளக்கச் சொன்னேன் என்பது இங்கே வந்தால் புரியும். கோட்டை அந்தந்த உடல் அமைப்புக்குத் தனியாகப் போடுங்கள். ஓணானுக்குப் போட்ட கோட்டில் பாம்பை வைத்தால் எடை எங்கோ போகும். ஓணானுக்கு வால் சேர்க்காத நீளம், பாம்புக்குப் பல நூல்களில் வாலோடு சேர்த்த மொத்த நீளம், இரண்டையும் கலக்காதீர்கள்.

சொந்தக்காரர்களை வைத்து மதிப்பிடுவது

இவ்வளவும் செய்தபின் மிஞ்சும் கட்டங்களுக்குத்தான் இது. அடிப்படை எளிது, நெருங்கிய சொந்தம் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் எது நெருக்கம், எந்தப் பண்பில் ஒரே மாதிரி, இந்த இரண்டிலும் கவனம் வேண்டும்.

நல்ல உதாரணம் நம் தவளைகளே. ராவோர்செஸ்டெஸ் பேரினத்தில் தலைப்பிரட்டைப் பருவமே வெளியில் இல்லை, முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாக வெளியே வரும். ஆகவே பழனி மலைப் புதர்த்தவளை ஒன்றுக்கு வளர்ச்சி முறை காலியாக இருந்தால் பேரினத்தை வைத்துத் தைரியமாக நிரப்பலாம். இதே மலையில் ஓடையோரம் இருக்கும் காட்டிக்ஸாலஸ் மரத்தவளையும் அதே குடும்பம்தான், ஆனால் அதன் தலைப்பிரட்டைகள் ஓடை நீரில் நீந்தி வளர்கின்றன. 'குடும்பத்தில் பெரும்பான்மை என்ன' என்று பார்த்து நிரப்பியிருந்தால் இரண்டில் ஒன்று கட்டாயம் தவறாகியிருக்கும். ஓடை வற்றினால் பாதிக்கப்படுவது யார் என்ற கேள்விக்கே தப்பான பதில் வந்திருக்கும். பேரினம்கூட எப்போதும் போதாது. அரணைகளில் யூட்ரோபிஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் காரினாட்டா என்ற இனம் முட்டையிடுகிறது, மல்டிஃபாசியாட்டா என்ற இனம் குட்டி போடுகிறது.

எது நெருக்கம் என்பதிலும் வரைபடத்தை நம்பாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை, இந்தப் பக்கம் பழனிச் சிரிப்பான், பார்த்தால் ஜோடி போலத் தெரியும். ஆனால் பழனிச் சிரிப்பானோடு ஒரே இனமாக வைத்திருந்தது தெற்கே அகத்தியமலைப் பக்கத்துப் பறவையை, நீலகிரிப் பறவையை அல்ல. அதனால்தான் மரபணுவை வைத்துப் போட்ட பரிணாம மரம், அதாவது எந்த இனம் எதற்கு எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று காட்டும் கிளைப்படம், வேண்டும். வெர்ட்லைஃப் தளத்தில் உங்கள் இனங்களின் பட்டியலைக் கொடுத்தால் அவற்றுக்கு மட்டுமான மரங்களை எடுத்துக்கொள்ளலாம், ஒன்று அல்ல, நூறு எடுங்கள், ஏனென்றால் சரியாகத் தெரியாத இடங்களில் ஒவ்வொரு மரமும் கொஞ்சம் வேறுபடும்.

பிறகு ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஆர்ஃபைலோபார்ஸ் என்ற தொகுப்பு எடை, நீளம் போன்ற எண்களுக்குச் சரியாக வரும், மரத்தையும் பண்புகளுக்கிடையேயான தொடர்பையும் சேர்த்தே பார்க்கும், நிரப்பிய எண்ணோடு அதன் நிச்சயமின்மையையும் தரும். பகல், இரவு போன்ற வகைகளும் கலந்திருந்தால் மிஸ்ஃபாரஸ்ட் என்ற இன்னொரு தொகுப்பு வசதி. அதற்கு மரம் தெரியாது, மரத்தை எண் பத்திகளாக மாற்றிக் கூடவே கொடுக்கவேண்டும். நூறு மரத்துக்கும் தனித்தனியாக ஓட்டி நூறு பதில்களையும் வைத்துக்கொள்ளுங்கள், சராசரியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை அழித்துவிடாதீர்கள். உடல் அளவு பெரும்பாலும் மரத்தை ஒட்டியே போகும், ஈத்து எண்ணிக்கை அவ்வளவாகப் போகாது. ஒரு பத்தியில் பாதிக்கு மேல் காலியாக இருந்தால் நான் அதை நிரப்புவதே இல்லை, இது என் சொந்த முடிவு.

மறைத்து வைத்துச் சோதிப்பது

தெரிந்த கட்டங்களில் பத்தில் ஒன்றை வேண்டுமென்றே மறைத்து, கணினியை நிரப்பச் சொல்லி, உண்மையோடு ஒப்பிடுவது எல்லோரும் செய்வது. ஆனால் குலுக்கல் முறையில் மறைத்தால் பெரும்பாலும் நன்கு தெரிந்த, சொந்தம் நிறைய உள்ள இனங்களே மறையும், சோதனை அருமையாக வந்துவிடும், நாமும் ஏமாந்துவிடுவோம். உண்மையில் காலியாக இருப்பவை எப்படிப்பட்டவையோ அப்படிப்பட்டவற்றைப் பார்த்து மறையுங்கள். சின்னது, இரவாடி, மலையுச்சியில் மட்டும் இருப்பது, பேரினத்தில் இரண்டே இனம் உள்ளது. சாலியா ஓணான் பேரினத்தில் மொத்தமே இரண்டு இனம், ஒன்றை மறைத்தால் இன்னொன்றை மட்டும் வைத்துத்தான் கணினி சொல்லவேண்டும், அங்கே எவ்வளவு தடுமாறுகிறது என்று பார்த்தால்தான் நம் தாளின் உண்மையான தரம் தெரியும்.

சரி, எல்லாம் நிரம்பிவிட்டது. இப்போது ஒவ்வொரு பண்புக்கும் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு அந்த எண் எப்படி வந்தது என்று எழுதுங்கள். அளந்தது, நூலில் கிடைத்தது, ஊரில் கேட்டது, கணக்கிட்டது, மதிப்பிட்டது. மதிப்பிட்டதற்குக் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டும் வேண்டும். இந்தப் பத்தி இல்லாத கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கட்டத்துக்கு நிறம் அடித்து வைத்தால் போதாது, கோப்பை வேறு வடிவத்தில் சேமித்தவுடன் நிறம் போய்விடும். இன்னொன்றும் உண்டு. மரத்தை வைத்து நிரப்பிய எண்களைக் கொண்டே 'இந்தப் பண்பு மரத்தை ஒட்டிப் போகிறதா' என்று ஆராயக் கூடாது, மலையின் உயரத்தை வைத்து உடல் அளவை நிரப்பிவிட்டு உயரத்துக்கும் உடல் அளவுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கக் கூடாது. நாம் உள்ளே வைத்ததையே வெளியே எடுத்துப் பார்ப்பதாக ஆகிவிடும்.

அடுத்த மழைக்கு எங்கே போவது என்பதையும் இதே தாள் சொல்லும். கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இடைவெளி எந்தக் கட்டத்தில் மிக அதிகமோ, அதை நேரில் பார்த்து நிரப்பினால் பக்கத்துச் சொந்தங்களின் மதிப்பீடும் சேர்ந்தே சரியாகும். எங்கள் தாளில் அப்படி நிற்பது கேடயவால் பாம்புக்கு ஒரு ஈத்தில் எத்தனை குட்டி என்ற கட்டம். பூம்பாறை அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். காடு கொத்தும்போது மம்பட்டியில் மாட்டிச் செத்தது ஏதாவது கண்ணில் பட்டால், வயிற்றில் குட்டி தெரிந்தால், எண்ணி வைத்துக்கொண்டு பக்கத்தில் தன் கையை விரித்து வைத்து ஒரு படம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சாண் 21 சென்டிமீட்டர், அளந்து குறித்துக்கொண்டேன்.